ஒங்க மரம்

1

இந்தக் கதை என் மகளின் வீட்டுப்பாடத்திலிருந்து கிளம்பியது. இதைவிடக் கௌரவமான காரணம் கிடைக்குமா என்று இரண்டு நாள் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

யுவஸ்ரீ யூ.கே.ஜி. படிக்கிறாள். வியாழக்கிழமை பள்ளியில் 'மரங்களின் பயன்கள்' என்று ஐந்து வரி பேச வேண்டுமாம். அப்பா எழுதித் தர வேண்டும், அவள் மனப்பாடம் செய்வாள். மரம் நிழல் தரும். மரம் காற்று தரும். மரம் மழை தரும். மரம் கனி தரும். நாலு வரி மளமளவென்று வந்துவிட்டது. ஐந்தாவது வரிக்குப் பேனா நின்றது.

நின்றதற்குக் காரணம் உண்டு. ஐந்து வருடத்துக்கு முன்னால், 2004-இல், இதே கேள்விக்கு ஒரே ஒரு வரி எழுத வேண்டிய இடத்தை நான் காலியாக விட்டேன். அதற்கப்புறம் அங்கே மரம் இல்லை. அந்த மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் சம்பங்கி என்று ஒருத்தி இருந்தாள். அவளிடம் நான் சொன்ன பொய் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை அவிழ்க்கத்தான் எழுதுகிறேன். மற்றபடி நான் எழுத்தாளன் எல்லாம் இல்லை. ஷிப்ட் ரிப்போர்ட் எழுதுவேன்.

2

தொடக்கம் ஒன்று: "ஓசூரின் மீது பனி ஒரு வெண்பட்டுத் துணியைப் போல"

அடித்துவிட்டேன். ஓசூர் பனியில் டீசல் வாடை வரும். பட்டுத் துணியில் வராது.

தொடக்கம் இரண்டு: "மனிதன் பூமியில் தோன்றுவதற்கு முன்பே மரங்கள்"

இது ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் பேசுவது.

தொடக்கம் மூன்று. இதை மட்டும் விட்டுவைக்கிறேன். நான் கோவில்பட்டிக்காரன். 1999-இல் டிப்ளமோ சான்றிதழோடு ஓசூரில் இறங்கினேன். வாடகைக்குப் பார்த்த அறையில் மின்விசிறி இல்லை. மாட்டுவதற்குக் கொக்கிகூட இல்லை. கேட்டதற்கு வீட்டுக்காரர், "இந்த ஊருக்கு ஃபேன் இன்னாத்துக்கு சார்? போர்வ கீதா, அத சொல்லுங்கோ" என்றார். கரிசல் வெயிலில் காய்ந்து வந்தவனுக்கு அதைக் கேட்டதும் இங்கேயே செத்துப்போகலாம் என்றிருந்தது. மார்கழியில் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோர் வாயிலும் புகை. அத்தனை பேரும் பீடி குடிக்கிறார்கள் என்றே முதல் நாள் நினைத்தேன்.

இப்போது 2009. எங்கள் வீட்டில் மூன்று மின்விசிறி ஓடுகிறது. மூன்றுக்கும் ட்ரில் பிடித்துக் கொக்கி போட்டது நான்தான்.

3

கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. வண்டிகளுக்குப் பாகம் செய்கிற ஆலைகள் சிப்காட்டில் எத்தனையோ. அதில் ஒன்று.

கேட்டைத் தாண்டினால் இடப்பக்கம் சைக்கிள் ஸ்டாண்ட். அதன் ஓரத்தில் மரம். ஆலை வருவதற்கு முன் அந்த இடம் ராகிக் கொல்லையாம். வரப்பில் நின்ற மரத்தை மட்டும் யாரோ விட்டுவைத்திருக்கிறார்கள். மாசியில் மொத்தமாக இலையைக் கொட்டும். ஒரு வாரம் மொட்டையாக நிற்கும். பங்குனியில் பார்த்தால் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை மாதிரி தளதளவென்று புதுத் தளிர். சித்திரையில் பூ. வெள்ளையும் லேசான ஊதாவுமாகச் சின்னச் சின்னப் பூ, சாப்பிடுகிறவர்களின் தட்டில் விழும். யாரும் எடுத்துப் போட மாட்டார்கள், ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார்கள்.

சாப்பிடுகிறவர்கள் என்று சொன்னது கான்ட்ராக்ட் ஆட்களை. கேன்டீன் நிரந்தரத் தொழிலாளிகளுக்கு மட்டும். பெருக்குகிறவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள், பேக்கிங் பெண்கள் என்று நாற்பது பேர் மதியம் பன்னிரண்டரைக்கு மரத்தைச் சுற்றி வட்டமாக உட்காருவார்கள். களி உருண்டை, கீரைக் குழம்பு, எதிர்த் தூக்குவாளியிலிருந்து ஒரு கை. ஒரே வாக்கியம் தெலுங்கில் தொடங்கி, கன்னடத்தில் திரும்பி, தமிழில் வந்து நிற்கும். கேட் செக்யூரிட்டி வெங்கடப்பன் நடுவில் நின்று தமிழ்ப் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். முதலில் கண்ணீர் அஞ்சலி, அப்புறம்தான் அரசியல். நான் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டுக் கை ஈரத்தோடு வந்து மரத்தோரம் நிற்பேன். அந்தக் காற்றுக்காக நிற்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் அந்தப் பேச்சுக்காக.

(வெங்கடப்பன் பேப்பர் வாசித்தது கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். ஒரு சுவைக்காக இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். இது பின்னால் என் காலையே சுற்றப்போகிறது என்று அப்போது தெரியாது.)

சம்பங்கி அந்த நாற்பது பேருக்கும் மூத்தவள் இல்லை, ஆனால் அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் வாளிகள் திறக்கும். தொரப்பள்ளிப் பக்கம் ஒரு சின்ன ஊர். பெருக்குகிற வேலை. அஞ்சாவது வரை கன்னடப் பள்ளிக்கூடம். கன்னடம் வாசிப்பாள், தமிழ் எழுத்து தெரியாது.

4

2004 மார்ச் தொடக்கத்தில் கம்பெனிக்கு 'ஃபைவ் எஸ்' என்கிற சுத்தத் திட்டம் வந்தது. வெளியிலிருந்து பெரிய வாடிக்கையாளர் பார்வைக்கு வரப்போகிறார், அதற்குள் ஆலையை ஒழுங்குபடுத்த வேண்டும். முதல் வேலை, தேவையில்லாத பொருளை எல்லாம் கண்டுபிடித்து அதில் சிவப்பு அட்டை கட்டுவது. எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று அட்டையைத் தமிழில் அச்சடித்திருந்தார்கள். ஆலையைப் பல மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு பொறுப்பாளர். ஏழாம் மண்டலத்துக்கு நான். ஒவ்வொருவரும் குறைந்தது பத்து அட்டை கட்டியாக வேண்டும்.

உடைந்த மரச்சட்டம், துருப்பிடித்த ஃபிக்ஸர், மூன்று காலில் நின்ற நாற்காலி என்று ஒன்பது தேறியது. பத்தாவதுக்கு மண்டலத்தையே மூன்று சுற்று வந்தேன். சைக்கிள் ஸ்டாண்டில் சம்பங்கி பெருக்கிக்கொண்டிருந்தாள். மாசி இலை, முட்டி உயரத்துக்குக் குவியல். நிமிர்ந்து மரத்தைப் பார்த்தேன். மொட்டையாக நின்றது.

தேவையில்லாத பொருள் மாதிரிதான் தெரிந்தது.

'பொருளின் பெயர்' என்று அட்டையில் முதல் வரி. "இது என்ன மரம்மா?" என்று கேட்டேன்.

"ஒங்க மரம் சார்."

எங்கள் ஊர்ப் பேச்சில் 'ஒங்க' என்றால் உங்கள். கம்பெனி ஆள் என்று மரியாதைக்குச் சொல்கிறாள் போலிருக்கிறது. "என் மரம் இல்லம்மா, கம்பெனி மரம். பேரு என்னன்னு கேட்டேன்."

"அதான் சார் சொல்றன். ஒங்க மரம்."

கிண்டல் செய்கிறாளோ என்று சுருக்கென்றது. மேலே கேட்காமல் 'மரம் – 1' என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'இலை உதிர்கிறது, வண்டி சீட்டில் கறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சணல் கயிற்றால் அடிமரத்தில் கட்டினேன். திரும்பினால் சம்பங்கி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு மரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

5

அந்தப் பக்கத்து முனியப்பன் கோயில்களில் ஒரு வழக்கம். மனக்குறையைச் சீட்டில் எழுதி, சாமியின் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

"இன்னா வேண்டுதல் சார்?" என்றாள்.

'வேண்டுதல் இல்லை, மரத்தை வெட்டுவதற்கான அட்டை' என்று சொல்லியிருக்க வேண்டும். கும்பிட்டு நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன். "குழந்தைக்காக."

முழுப் பொய் இல்லை. எனக்கும் தமிழ்செல்விக்கும் கல்யாணமாகி நாலு வருடம். கோவில்பட்டியிலிருந்து போன் வந்தால் எடுக்கவே கூசுகிற நிலைமை. ஆனாலும் அந்த அட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லையே. அதனால் பொய்தான்.

"எத்தினி வருசம் ஆவுது?"

"நாலு."

"ஆவட்டும் சார். நாங்களும் கட்றோம். ஒரு ஆளு கேட்டா சும்மா இருக்கற சாமி, நாப்பது பேரு கேட்டா குடுத்துதான ஆவோணும்."

மறுநாள் மதியம் போய்ப் பார்த்தேன். மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட் மூட்டையிலிருந்து சிவப்புத் துண்டுகளை மட்டும் பொறுக்கி, நாற்பது துணி, என் அட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தது. அடிமரத்தில் மஞ்சள், குங்குமம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த இடத்தில் 'கண் கலங்கியது' என்று எழுதாமல் ஏதாவது நாசூக்காக எழுதலாமா என்று பார்த்தேன். வேண்டாம், கலங்கியது.

இருபத்துநாலாவது நாள் தமிழ்செல்வி சமையலறையிலிருந்து வந்து, "நாள் தள்ளியிருக்கு" என்றாள்.

அடுத்த நாள் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போய், முதல் தடவையாக மரத்தடியில் அவர்களோடு உட்கார்ந்தேன். தளிர் விட்டிருந்தது. வெயில் இலைக்குள் புகுந்து எல்லோர் முகத்திலும் பச்சையாக விழுந்தது. சம்பங்கி மைசூர்பாகைப் பாதியாக உடைத்து ஒரு பாதியை மரத்தின் வேரில் வைத்தாள்.

"சீட்ட அவுத்துடாதீங்கோ சார். கொழந்த பொறக்கற வரைக்கும் இருக்கோணும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "மரமும் இருக்கோணும்" என்றாள்.

6

அட்டை கட்டி முப்பது நாளுக்குள் முடிவு எழுத வேண்டும். 'வைத்துக்கொள்', 'இடம் மாற்று', 'அகற்று' என்று மூன்று கட்டம். 'வைத்துக்கொள்' என்றால் அதற்குக் கீழே 'பயன், ஒரு வரியில்' எழுத வேண்டும்.

முப்பதாவது நாள் நடந்ததை முதலில் இப்படி எழுதியிருந்தேன்:

"அன்று தமிழ்செல்வியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்ததால் நான் விடுப்பில் இருந்தேன். அந்த ஒரு நாளில் எல்லாம் கை மீறிப்"

இதுவரை வந்திருந்தபோது தமிழ்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அன்னைக்கு நீங்க எங்க வந்தீக? நாந்தான் ஒத்தையில ஷேர் ஆட்டோவுல போயிட்டு வந்தேன்."

"கதைதானே செல்வி."

"கதைன்னா யுவஸ்ரீயை டாக்டர் ஆக்குங்க, என்னை மகாராணி ஆக்குங்க. நீங்க தப்பிக்கிறதுக்கு எதுக்கு என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீக?"

அடித்துவிட்டேன். இனி நடந்தது.

அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பேனாவோடு மரத்தடிக்குப் போனேன். யாரும் இல்லை. அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு வரிக்கு யோசித்தேன்.

'நிழல்' என்று எழுதலாம். தகரக் கூரையும் நிழல்தான் என்பார்கள். 'காற்று' என்று எழுதினால் மீட்டிங்கில் சிரிப்பார்கள். 'நாற்பது பேர் இதன் கீழே சாப்பிடுகிறார்கள்' என்று எழுதலாம், அதுதான் நிஜம். ஆனால் அவர்களுக்குச் சாப்பிட ஏன் இடம் இல்லை என்ற கேள்வி அங்கிருந்து கிளம்பும். அதை எழுத்தில் கேட்டவன் நான் என்று ஆகும். 'என் மனைவி உண்டாகியிருக்கிறாள்' என்று எழுதினால் அவ்வளவுதான், பட்டப்பேரே வைத்துவிடுவார்கள்.

கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் சின்னராஜ் வந்தார். "சார், பத்தாவது டேக் ஒண்ணுதான் ஓபன்ல இருக்குது. அது க்ளோஸ் ஆயிட்டா நம்ம ஜோனுக்குத்தான் ஷீல்டு."

"பார்க்கலாம் சின்னராஜ்" என்று பேனாவை மூடிப் பையில் சொருகினேன்.

இவ்வளவுதான் நான் செய்தது. 'அகற்று' என்று எழுதவில்லை. எதுவுமே எழுதவில்லை. ஆனால் அட்டையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: முப்பது நாளில் முடிவு எழுதப்படாத பொருள் அகற்றப்படும். அது எனக்குத் தெரியும். மீட்டிங்கில் மற்றவர்களுக்கு அதைப் படித்துக் காட்டியதே நான்தான். பயந்தேன், அதுதான் விஷயம். ஒரு வரி எழுதப் பயந்தேன்.

7

ஞாயிற்றுக்கிழமை வெட்டினார்கள். வெட்ட வந்தவர்கள் வேற்றூர் ஆட்கள். சிவப்புத் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து ஓரமாகக் குவித்து, கும்பிட்டுவிட்டு அப்புறம்தான் ரம்பத்தை எடுத்தார்களாம். பூ வந்திருக்கவில்லை, மொட்டாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கேட்டில் நுழைந்ததும் வெளிச்சம் முகத்தில் அடித்தது. வெங்கடப்பன் வணக்கம் வைக்கவில்லை.

"ஹொங்கே மரத்த எடுத்துட்டாங்களே சார்."

"என்ன மரம்?"

"ஹொங்கே மரம் சார். கன்னடத்துல ஹொங்கே. நம்ம தமிழ்ல புங்க மரம். நம்மாளுங்க வாயில 'ஹ' வராது, ஒங்க மரம், ஒங்க மரம்பாங்கோ."

ஐந்து வருடம் தினமும் அதன் காற்றில் நின்றிருக்கிறேன். என் அட்டையில் பெயர் எழுதக் கேட்டபோது அவள் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். மரத்தின் பெயர் எனக்குத் தெரிந்தபோது அடிக்கட்டைதான் பாக்கி.

சம்பங்கி மரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து அட்டையை எடுத்துத் தூசி தட்டி நீட்டினாள்.

"ஒங்க சீட்டு சார். இது மேல ரம்பம் படல." பிறகு, "அம்மாவ பாத்து வெச்சிக்கோங்கோ. படியேற உடாதீங்கோ" என்றாள்.

அந்த 'ஒங்க' எந்த 'ஒங்க' என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாங்கிக்கொண்டேன். பேனா இருந்த பையிலேயே சொருகிக்கொண்டு உள்ளே போனேன்.

அன்று மதியத்திலிருந்து அவர்கள் மதில் சுவர் ஓரத்துக்குப் போனார்கள். மதியத்தில் சுவருக்கு ஒரு முழம்தான் நிழல். முதுகைச் சுவரில் ஒட்டி, காலை மடக்கி, நாற்பது பேரும் ஒரே வரிசை. வரிசையில் உட்கார்ந்தால் பக்கத்து ஆளோடு மட்டும்தான் பேச முடியும். எதிரில் வாளி இல்லாததால் ஒரு கை எடுக்கிறதும் நின்றது. வெங்கடப்பன் இரண்டு நாள் வாசித்துப் பார்த்தார். கடைசியில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

டிசம்பரில் யுவஸ்ரீ பிறந்தாள். அதற்குள் கான்ட்ராக்ட் மாறி, சம்பங்கியும் மற்றவர்களும் வேறு ஆலைக்குப் போய்விட்டார்கள். ஷீல்டு டூல் ரூம் அலமாரியில் இருக்கிறது.

8

இங்கே கதையை முடிப்பதாக இருந்தேன். படிப்பறிவில்லாத பெண்ணின் அப்பாவி நம்பிக்கை, படித்தவனின் குற்றவுணர்ச்சி. பத்திரிகைக்கு அனுப்பினால் போடுவார்கள் என்றுகூட ஒரு நினைப்பு. தமிழ்செல்வியிடம் கொடுத்தேன். அவள் முழுக்கப் படித்துவிட்டு மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போனாள்.

"வெங்கடப்பண்ணன் தெனம் அந்த மரத்தடியில தமிழ்ப் பேப்பர் வாசிப்பாருன்னு எழுதியிருக்கீக."

"ஆமா."

"செத்தவுக பேரையெல்லாம் ஒண்ணு விடாம வாசிக்கிற மனுசன், மூக்குக்கு முன்னால தொங்குற தமிழ் அட்டையை வாசிக்க மாட்டாரா?"

தாளை வாங்கி அந்த வரியை நானும் படித்தேன்.

"பேக்கிங் பிள்ளைகள்ல பத்தாவது படிச்சவுக எத்தனை பேரு. நாப்பது பேருல ஒருத்தருக்குக் கூடவா தமிழ் தெரியாது?"

முதல் நாள் சம்பங்கி ஏமாந்திருக்கலாம். மறுநாள் மதியத்துக்குள் வெங்கடப்பன் வாசித்துக் காட்டியிருப்பார். அதற்கப்புறம்தான் நாற்பது துணி. தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். மரத்தில் கை வைக்க முடியாதபடி அதைச் சாமியாக்கி, என் கை 'அகற்று' கட்டத்துக்குப் போகாதபடி என் பிள்ளையையே அதில் முடிந்துவைத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டு முனியப்பனுக்கு அல்ல, எனக்கு. 'மரமும் இருக்கோணும்' என்று சம்பங்கி என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் திங்கட்கிழமை அட்டையை நீட்டியபோதும் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே படியேற விடாதே என்று சொல்லியிருக்கிறாள்.

(இது என் ஊகம். அவளிடம் கேட்டால்தான் தெரியும். ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவளை வீட்டிலிருந்தபடி ஊகித்துக்கொண்டிருக்கிறேன்.)

9

முடிவு (அ): வெட்ட வந்தவர்கள் சிவப்புத் துணிகளைப் பார்த்ததும் ரம்பத்தைக் கீழே போட்டார்கள். மரம் பிழைத்தது. இன்றும் பூ உதிர்கிறது. இதை இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டேன்.

முடிவு (ஆ): ஞாயிற்றுக்கிழமை யுவஸ்ரீயைக் கூட்டிக்கொண்டு சம்பங்கியின் ஊருக்குப் போகிறேன். நாகம்மா என்று அவள் தங்கை வீட்டு வாசலில் நிற்கிறாள். உள்ளேயிருந்து சம்பங்கி வருகிறாள். அட்டையை அவள் கையில் கொடுத்து, நான் எழுதியதை நானே வாசித்துக் காட்டுகிறேன். அவள்

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. நடக்காததை அவள் வாயில் போட இனி எனக்குத் துணிச்சல் இல்லை.

"ஞாயித்துக்கெழம லீவுதான. பஸ்ஸேறுனா அரை மணி நேரம்" என்றாள் தமிழ்செல்வி. "எழுதுறத விட்டுட்டுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

"பார்க்கலாம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

10

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். மரத்தூள் தட்டிய அதே அட்டை. யுவஸ்ரீயின் ஐந்தாவது வரியும் அதே காலி இடம்தான். வியாழக்கிழமைக்குள் வேண்டும்.

பொருளின் பெயர்: ~~மரம் – 1~~ ஒங்க மரம்
இருக்கும் இடம்: சைக்கிள் ஸ்டாண்ட், மண்டலம் 7
காரணம்: இலை உதிர்கிறது, வண்டி சீட்டில் கறை
கட்டியவர்: மோகன்குமார்
முடிவு: □ வைத்துக்கொள் □ இடம் மாற்று □ அகற்று
பயன், ஒரு வரியில்: ..............................

பேனாவை மூடிவிட்டு, முடிவில்லாமல் முடிகிற கதை என்று இதைச் சொல்லி நீங்களும் எழுந்து போகலாம். நானும் அப்படித்தான் போனேன். அடியில் இருக்கிற பொடி எழுத்தை மட்டும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

குறிப்பு: முப்பது நாளில் முடிவு எழுதப்படாத பொருள் அகற்றப்படும்.